அம்மாவின் கணக்கு நோட்டு

2025 ஏப்ரல் 6, ஞாயிறு

அப்பா இறந்து மூன்று மாதங்கள் ஆன பிறகு, அவருடைய தகரப் பெட்டியை இன்றுதான் கூடத்தில் வைத்துத் திறந்தோம். வேலூர் சத்துவாச்சாரி வீட்டில் அந்தப் பெட்டியை அவரைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. உள்ளே நான்கு பாஸ்புக்குகளும், இரண்டு டெபாசிட் ரசீதுகளும், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய தினசரி காலண்டர் தாள்களும் இருந்தன. ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்த அவர், அன்றன்று கிழித்த தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் செலவு எழுதும் பழக்கத்தைக் கடைசி வாரம் வரை விடவில்லை. டிசம்பர் 19ஆம் தேதித் தாளில், ‘பால் 62, முள்ளுக் கத்தரி 40, சர்க்கரை மாத்திரை 318, பாக்கி 1,140’ என்று எழுதியிருக்கிறார். அந்தப் பாக்கி சட்டைப்பையில் இருந்ததா, ஏதேனும் ஒரு கணக்கில் இருந்ததா என்பது அவருக்கு மட்டுமே தெரியும். நாற்பத்து நான்கு ஆண்டுகள் குடும்பம் நடத்திய அம்மா, எந்த வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்பதை அறுபத்தாறாம் வயதில் முதன்முறையாகக் கேட்டறிந்தார். அது என் நெஞ்சை உறுத்துகிறது. இனி இந்தப் பணம் அம்மாவின் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் குறிப்புகளை எழுதத் தொடங்குகிறேன்.

ஏப்ரல் 21, திங்கள்

விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவுடன் மூன்று வங்கிகளுக்குப் போய் வந்தேன். முதல் இடத்தில் அப்பா, அம்மா இருவர் பெயரிலும் ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற முறையில் கணக்கும் டெபாசிட்டுகளும் இருந்ததால், இறப்புச் சான்றிதழைக் கொடுத்ததும் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. இரண்டாவது பாஸ்புக் ஆந்திரா வங்கியுடையது. அந்த வங்கி 2020 ஏப்ரல் 1 முதல் யூனியன் வங்கியுடன் இணைந்துவிட்டதால் எந்தக் கிளைக்குப் போவது என்று முன்கூட்டியே விசாரித்துச் சென்றோம். அப்பாவுக்குப் பின் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் நாமினியாக அம்மா பதிவாகியிருந்தார்.

மூன்றாவது வங்கியில்தான் சிக்கல். வங்கியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கணக்கு தொடங்கியபோதே நாமினி படிவம் கொடுத்ததாக அப்பா என்னிடமே சொல்லியிருக்கிறார். ஆனால் அவர்களுடைய கணினியில் அந்த இடம் காலியாக இருக்கிறது. வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்லிவிட்டார்கள். நாமினி இருந்திருந்தால், தாள்கள் முழுமையாகச் சேர்ந்த நாளிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் பணத்தைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நாமினி பதிவாகியிருக்கிறது என்ற வரி பாஸ்புக்கில் அச்சாகியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் என் பாஸ்புக்கையும் தம்பியின் பாஸ்புக்கையும் புரட்டிப் பார்த்தேன். தம்பியுடையதில் அந்த வரி இல்லை.

மே 4, ஞாயிறு

குடியாத்தத்திலிருந்து சித்தப்பா வந்திருந்தார். பணம் முழுவதையும் அஞ்சலகத்தில் முடக்குவதைவிட, தெரிந்த ஒருவரிடம் இரண்டு வட்டிக்குக் கொடுத்து வைத்தால் அண்ணிக்கு மாதச் செலவுக்குக் கவலையில்லை என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அவர் போன பிறகு அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் மனதில் நிற்கிறது: “நீ எட்டு என்கிறாய், அவர் இரண்டு என்கிறார். எட்டுதானே பெரியது? பிறகு ஏன் இரண்டில்தான் அதிகம் வரும் என்கிறார்?”

தெருவில் வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதத்துக்கு இத்தனை ரூபாய் என்று பொருள்; வங்கியும் அஞ்சலகமும் ஆண்டுக்குச் சொல்கின்றன. இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதிக் காட்டினேன். ஒரு லட்சத்துக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 2,000, ஆண்டுக்கு 24,000 ரூபாய். அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 8,200, மாதத்துக்கு 683 ரூபாய்தான் ஆகிறது. சித்தப்பா சொன்னதில் வருமானம் அதிகம் என்பதை நான் மறைக்கவில்லை. அந்த அதிகம் எங்கிருந்து வருகிறது, வராமல் போனால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று மட்டும் கேட்டேன்.

அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பக்கத்துத் தெரு அக்காவின் பேச்சை எடுத்தார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிதி நிறுவனம் லட்சத்துக்கு மாதம் 8,000 தருவதாகச் சொல்லி இந்தப் பகுதியில் வீடு வீடாகப் பணம் திரட்டியது. அப்படிக் கொடுத்தால் பதின்மூன்றாம் மாதத்துக்குள் போட்ட முதல் முழுவதும் வட்டியாகவே வெளியே போய்விடும். அந்த லாபம் தரும் தொழில் எது என்று யாரும் கேட்கவில்லை. முதல் நான்கு மாதங்கள் பணம் தேதி தவறாமல் வந்தது. அந்த நம்பிக்கையில்தான் அந்த அக்கா தாலிச் சரடு தவிர மற்ற நகைகளை அடகு வைத்து மேலும் இரண்டு லட்சம் கட்டினார். இன்றும் அந்த அடகுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். பதிவில்லாத இடத்தில் ஒரு ரூபாயும் போடுவதில்லை என்று அம்மாவே முடிவாகச் சொல்லிவிட்டார்.

மே 15, வியாழன்

வேலூர் தலைமை அஞ்சலகத்தில் காலை பத்தரை முதல் ஒன்றரை வரை இருந்தோம். மூத்த குடிமக்கள் திட்டத்தில் ஐந்து லட்சமும், மாத வருமானத் திட்டத்தில் 7.4 சதவீத வட்டிக்கு மூன்று லட்சமும் அம்மா பெயரில் போட்டோம். முதலாவதிலிருந்து காலாண்டுக்கு 10,250, இரண்டாவதிலிருந்து மாதம் 1,850 வரும். மேலும் போடலாம் என்று தம்பி சொன்னான், நான் சம்மதிக்கவில்லை. மூத்த குடிமக்கள் திட்டத்தை ஓராண்டுக்குள் முடித்தால் கொடுத்த வட்டியையும் பிடித்துக்கொள்வார்கள். இரண்டாண்டுக்குள் என்றால் போட்ட முதல் தொகையில் ஒன்றரை சதவீதம் குறையும். அப்பாவை சி.எம்.சி. மருத்துவமனையில் சேர்த்த இரவில் கையிருப்பு போதாமல் நான் அலைந்த அலைச்சல் எனக்கு மறக்கவில்லை. அதனால் மீதி மூன்று லட்சத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கும்படி வங்கியிலேயே வைக்கிறோம். ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து, ஐந்து லட்சம் வரை, வங்கி மூழ்கினால் ஈடு தரும் டெபாசிட் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன் அது ஒரு லட்சமாகத்தான் இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

இருநூறு பக்க நீள நோட்டு ஒன்றை வாங்கி வந்து அம்மாவிடம் கொடுத்தேன். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு என்று கோடு போட்டுக்கொண்டார். பாஸ்புக்கில் பதிவு போட்டு வந்து வரிவரியாக வாசித்தோம். ‘17.70’ என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறைந்திருப்பது குறுஞ்செய்திக் கட்டணம் என்றும், ஆண்டுக்கொருமுறை குறைந்த 236 ஏ.டி.எம். அட்டைக்கான கட்டணம் என்றும் தெரிந்துகொண்டோம். அப்பா ஒரு முறைகூடப் பயன்படுத்தாத இரண்டு அட்டைகளுக்கு இது ஆண்டுதோறும் போயிருக்கிறது. ஒன்றைத் திருப்பிக் கொடுக்க எழுதிவிட்டோம்.

அம்மா ஐந்நூறு, ஐந்நூறாகப் பணம் எடுக்கிறார். வேலூர் பெருநகரம் இல்லை என்பதால் பிற வங்கி ஏ.டி.எம்.களில் மாதம் ஐந்து முறை இலவசம். இருப்பு பார்ப்பதும் அந்த ஐந்தில் சேரும். அதற்கு மேல் மே 1 முதல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை பிடிக்கலாம். இனி மாதம் இரண்டு முறை மட்டும் எடுப்பது என்று அவரே தீர்மானித்தார்.

ஜூன் 27, வெள்ளி

வாரிசுச் சான்றிதழ் கிடைத்தது. விண்ணப்பித்து ஐம்பது நாட்களுக்கு மேலாகிவிட்டது.

அக்டோபர் 3, வெள்ளி

அஞ்சலகப் பாஸ்புக்கில் 10,250 ரூபாய் வரவாகியிருந்தது. அம்மா அதை நோட்டில் எழுதிவிட்டு, என்னை அழைத்து, செப்டம்பர் மாதத்து 1,850 எங்கே என்று கேட்டார். நான் பதினைந்தாம் தேதி வரவைத் தேடினேன். அது அடுத்த பக்கத்தின் தலைப்பில், அச்சு மங்கிய வரியாக இருந்தது. நான் பார்த்திருந்தால் வந்திருக்கும் என்று நம்பிவிட்டுப் போயிருப்பேன். அம்மா தேடினார்.

நவம்பர் 10, திங்கள்

இம்மாதம் 1ஆம் தேதி முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் பதிவு செய்து, யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிடலாம் என்று சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், வாரிசுகளின் உரிமை அதனால் அழிந்துவிடாது என்பதையும் அம்மாவுக்கு விளக்கினேன். வங்கியில் படிவத்தை நிரப்ப நான் பேனாவை எடுத்தபோது, அவர் அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். எனக்கு 40, தம்பிக்கு 40, கல்லூரியில் படிக்கும் பேத்திக்கு 20 என்று நிறுத்தி நிதானமாக எழுதினார். ஒப்புகைச் சீட்டில் முத்திரை விழும் வரை கவுண்டரை விட்டு நகரவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் நோட்டை எடுத்து, ‘ஆட்டோ 120, நகல் 6’ என்று எழுதி வைத்தார்.