ஓடை இருக்கிறது, அறிக்கையில் இல்லை: ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்திய அனுபவம்

எட்டு மாதமாக ஒரே கோப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் ஒன்றில் உதவிப் பொறியாளராக இருக்கிறேன். ஊர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். தென்கடற்கரையில் இரண்டு 660 மெகாவாட் அலகுகள் கொண்ட நிலக்கரி அனல்மின் நிலையம் ஒன்றுக்கு விண்ணப்பம் வந்திருக்கிறது, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தை நடத்தும் வேலை என் தலையில் விழுந்தது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கல்குவாரிக்கு நாலைந்து கூட்டம் நடத்தியிருக்கிறேன். மின் நிலையத்துக்கு இதுதான் முதல்.

அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் எங்கள் கையில் இல்லை. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் என்றால் டெல்லியில் ஒன்றிய அமைச்சகத்தின் நிபுணர் குழுதான் பரிசீலிக்கும். கூட்டத்தை முறைப்படி நடத்தி, மக்கள் சொன்னதை எழுதி அனுப்புவது எங்கள் பங்கு. 'எழுதி அனுப்புவதுதானே' என்றுதான் நானும் ஆரம்பத்தில் நினைத்தேன்.

முதல் சிக்கல் தமிழ்ச் சுருக்கத்தில். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் வரைவு அறிக்கையோடு ஆங்கிலத்திலும் தமிழிலும் சுருக்கம் தர வேண்டும் என்பது ஒன்றிய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி. மே மாதம் கட்டுக் கட்டாக அறிக்கை வந்தது. ஆங்கிலச் சுருக்கம் ஒழுங்காக இருந்தது. தமிழில் இரண்டாம் பக்கத்திலேயே, ஆங்கில 'plant'-ஐச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததில், மின் நிலையம் 'தாவரம்' ஆகியிருந்தது. வெந்நீர் போய்ச் சேரும் கடல் பகுதி 'பெறும் நீர் உடல்'. இதைப் படித்துவிட்டு ஒரு மீனவர் என்ன கருத்து சொல்ல முடியும்? கடலோர மின் நிலையம் விடும் நீரால் கடலின் வெப்பம் 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் கூடக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த ஊருக்கு மிக முக்கியமான அந்த வரிதான் யாருக்கும் புரியாதபடி இருந்தது.

திருப்பி அனுப்பினேன். ஒன்பது நாள் போனது. அறிக்கையைத் தயாரித்த ஆலோசனை நிறுவனத்துக்காரர் போனில், "இதுவரைக்கும் எந்த ஊர்லயும் யாரும் தமிழ்ச் சுருக்கத்தைப் படிச்சுப் பார்த்ததில்லையே மேடம்" என்றார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

என்னைப் போல இந்த நாற்காலிக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தமிழ்ச் சுருக்கத்தை முழுக்கப் படிக்காமல் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடாதீர்கள். விண்ணப்பதாரரின் கோரிக்கை வந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் கூட்டத்தை முடிக்க வேண்டும், அதற்குள் மக்களுக்கு 30 நாள் முன்னறிவிப்பும் தர வேண்டும். கையெழுத்துப் போட்டபின் பிழை கண்டுபிடித்தால் திருத்த நேரமே இருக்காது.

பத்திரிகை விளம்பரம், ஊராட்சி அலுவலகங்களுக்கு அறிக்கை அனுப்புவது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. பத்திரிகை எட்டாத இடங்களில் தண்டோரா போட்டுச் சொல்லலாம் என்றும் அறிவிக்கையில் இருக்கிறது. இரண்டு கடற்கரைக் குடியிருப்புகளில் அப்படியே செய்தோம். அப்புறம் இடம். நகரத்தில் குளிர்சாதனக் கல்யாண மண்டபம் ஏற்பாடு செய்து தருகிறோம் என்றார்கள் நிறுவனத்தார். திட்ட இடத்திலிருந்து 22 கிலோமீட்டர். திட்ட இடத்திலோ அதற்கு மிக அருகிலோதான் நடத்த வேண்டும் என்ற வரியைக் காட்டி, ஊராட்சித் திடலில் பந்தல் என்று முடிவு செய்தோம்.

இனிமேல்தான் ஓடை வருகிறது.

தலைமை தாங்கப்போகும் மாவட்ட வருவாய் அலுவலருக்கு இடத்தைப் பற்றி ஒரு குறிப்பு தயார் செய்ய வேண்டியிருந்தது. அறிக்கையில் 'பெரும்பாலும் தரிசு, சீமைக்கருவேலம் மண்டிய நிலம். திட்டப் பகுதிக்குள் நீர்நிலை ஏதும் இல்லை' என்று இருந்தது. அதையே எடுத்து எழுதியிருந்தால் அன்று மாலையே வேலை முடிந்திருக்கும். எதற்கும் ஒருமுறை நடந்து பார்த்துவிடலாம் என்று போனேன்.

வழிகாட்ட வந்த பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். கடலுக்குப் போவதை நிறுத்தி, இப்போது ஆடு மேய்க்கிறார். கருவேலங்காட்டுக்குள் ஒரு பனை வரிசையைத் தாண்டியதும் தரை லேசாக இறங்கியது. நான் கவனிக்கவில்லை, கால்தான் உணர்ந்தது. அவர் நின்று, "தாயி, நீங்க இப்போ ஓடைக்குள்ள நிக்கிறீங்க" என்றார்.

சுற்றிப் பார்த்தேன். காய்ந்த மண், முள், ஆட்டுப் புழுக்கை. தண்ணீரின் அடையாளமே இல்லை. அவர் குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். மேலே அப்பளம் போலச் சுருண்டு வெடித்த வண்டல், அதற்கடியில் மாவு போன்ற மண், அதற்குள் வெள்ளையாக நாலைந்து நத்தை ஓடு. "கடல் நத்தையா ஐயா?" என்று கேட்டேன். "கடல் நத்தை இங்க எதுக்கு வருது? இது கண்மாய் நத்தை. மேக்க கண்மாய் நிறைஞ்சு மறுகால் பாஞ்சா இந்த வழியாத்தான் தண்ணி கடலுக்குப் போவும்." பனைகளின் ஒரு பக்கத்து வேர் எல்லாம் அரித்து வெளியே தெரிந்தது. டேப் வைத்து அளந்தோம், 13.8 மீட்டர். திட்ட வரைபடத்தை விரித்தால், எரிந்த நிலக்கரியின் சாம்பலைத் தேக்கும் சாம்பல் குளம் கட்டப்போவது அதே இடத்தில்.

ஆலோசனை நிறுவனம் பொய் எழுதியது என்று சொல்லமாட்டேன். இடத்தின் இப்போதைய நிலையைப் பதிவு செய்யும் அடிப்படை ஆய்வை மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில் எடுத்தால் போதும் என்பது நடைமுறை. அவர்கள் எடுத்தது முந்தின வருடம் மார்ச் முதல் மே வரை. எங்கள் பக்கம் மழையே அக்டோபருக்கு மேல் டிசம்பர் வரைதான். சித்திரை வெயிலில் செயற்கைக்கோள் படத்தில் இந்த ஓடை எப்படித் தெரியும்? ஆனால் கிராமக் கணக்கைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதைத்தான் அவர்கள் பார்க்கவில்லை.

சரி, நானாவது பார்க்கலாம் என்று வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். புல வரைபடம் இணையத்தில் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். கிடைக்கிறது, ஒவ்வொரு புல எண்ணுக்கும் தனித்தனித் தாளாக. ஓடை எங்கே தொடங்கி எங்கே கடலில் சேர்கிறது என்று காட்ட முழுக் கிராம வரைபடமும், அது 'ஓடை புறம்போக்கு' (அரசுக்குச் சொந்தமான ஓடை நிலம்) என்று பதிவாகியிருக்கும் அ-பதிவேட்டின், அதாவது கிராமத்து நிலங்களின் அடிப்படைப் பதிவேட்டின், சான்றிட்ட நகலும் வேண்டும்.

முதல் நாள், "கடிதம் கொண்டாங்க மேடம்" என்றார் எழுத்தர். நியாயம்தான். இரண்டாம் நாள் கடிதத்தோடு போனேன். "சர்வேயர் ஜமாபந்தியில இருக்காரு. முடிஞ்சப்புறம் வாங்க." மூன்றாம் நாள் சர்வேயர் இருந்தார், பதிவறைச் சாவி வைத்திருந்தவர் விடுப்பில். ஒவ்வொரு முறையும் போய் வர 80 கிலோமீட்டர். மூன்றாம் நாள் அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது. கூட்டத்துக்கு ஆறு நாள்தான் இருந்தது.

வழி காட்டியவர் கிராம நிர்வாக அலுவலர். அ-பதிவேடு அவரிடமும் ஒன்று இருக்குமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. முதலிலேயே அவரிடம் போயிருந்தால் இரண்டு பயணம் மிச்சம். பச்சை அட்டை கிழிந்த பதிவேட்டைப் புரட்டி விரலை வைத்துக் காட்டினார். தொடர்ச்சியாக மூன்று புல எண்கள், மூன்றுக்கும் நேரே ஓடை. சான்றிட்ட நகலை அவரே முன்நின்று வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிக் கொடுத்தார். புல வரைபடத்தில் ஓடையின் அகலம் 14 மீட்டர். நாங்கள் டேப்பில் அளந்ததற்கு அதிகம் போனால் ஒரு சாண் வித்தியாசம். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் பரீட்சை பாஸ் ஆன நாளில்கூட வந்ததில்லை.

கூட்டம் ஜூன் கடைசியில். கச்சான் காற்று பந்தலைத் தூக்கிக்கொண்டு போகிற வேகம். மைக்கில் பேச்சைவிடக் காற்றுதான் அதிகம் கேட்டது. ஒலிப்பதிவு வீணாகிவிடுமோ என்று பயந்து, பேசுகிறவர் பக்கத்திலேயே ஒரு செல்போனையும் பிடிக்கச் சொன்னேன். முழுக் கூட்டத்தையும் வீடியோ எடுப்பது கட்டாயம் என்பதால் இந்த மாற்று ஏற்பாடு பின்னால் கைகொடுத்தது. நிறுவனம் விளக்கம் சொன்னது, மக்கள் பேசினார்கள், வேலை கேட்டவர்களும் இருந்தார்கள், வேண்டவே வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு இதில் கிடையாது, கை தூக்கச் சொல்லி எண்ணுவதும் கிடையாது. ஊரே எதிர்த்தால் திட்டம் நின்றுவிடும் என்று நம்பி வருகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுப்பிய ஒவ்வொரு கேள்விக்கும் விண்ணப்பதாரர் பதில் எழுதித் தந்தாக வேண்டும். அந்தப் பதில்கள் நடவடிக்கைக் குறிப்போடு இணைப்பாக டெல்லிக்குப் போகும். அதனால்தான் நடவடிக்கைக் குறிப்பில் என்ன எழுதுகிறோம் என்பது உயிர்நாடி.

இதில் நானே தப்பு செய்தேன். நடவடிக்கைக் குறிப்பைக் கூட்ட முடிவில் தமிழில் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. மாலை நாலரை, எல்லாருக்கும் பசி, நான் வேகமாகப் படித்துக்கொண்டு போனேன். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து, "நான் சொன்ன ஊத்து எங்க தாயி?" என்றார். பார்த்தேன். நான் எழுதியிருந்தது 'குடிநீர் ஆதாரம் பாதிக்கப்படும் எனத் தெரிவித்தார்'. அவர் சொன்னது அது இல்லை. கோயில் பனைக்குக் கிழக்கே மணலில் தோண்டிய மூன்று ஊத்து, அதில்தான் நாற்பது வீட்டுப் பெண்கள் கோடையில் அகப்பையால் நல்ல தண்ணீர் இறைக்கிறார்கள், சாம்பல் குளத்துக் கசிவு அங்கே வந்தால் குடிக்க ஒன்றுமில்லை. என் ஒற்றை வரியில் ஊத்தும் இல்லை, பனையும் இல்லை, பெண்களும் இல்லை.

மாவட்ட வருவாய் அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். "அவங்க சொன்ன மாதிரியே எழுதுங்க. அவசரம் இல்லை." அடித்துத் திருத்தி, அவர் சொன்னபடியே எழுதி, திரும்பப் படித்தேன். "ஆமா, இதான்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். அதன்பின் இன்னும் பதினோரு பேர் வந்து தங்கள் வரியைச் சரிபார்த்தார்கள். கையெழுத்தாகும்போது மணி ஏழேகால், ஜெனரேட்டர் வெளிச்சத்தில்.

அந்தத் திருத்தத்தின் பலன் உடனே தெரிந்தது. 'குடிநீர் பாதிப்பு' என்று பேசிய மற்றவர்களுக்கெல்லாம் நிறுவனம் கொடுத்த பதில், 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்'. ஊத்துக்கு மட்டும் தூரம், மண்ணின் தன்மை, குளத்தின் அடியில் போடும் கசிவுத் தடுப்பு விரிப்பு என்று ஒரு பக்கம் எழுத வேண்டியதாகிவிட்டது.

கருத்துக்கேட்புக்குப் போகிறவர்கள் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள். பொதுவாக 'விவசாயம் அழியும், மீன்வளம் அழியும்' என்று பேசினால் பொதுவான பதில்தான் வரும். புல எண்ணைச் சொல்லுங்கள், ஓடையின் பெயரைச் சொல்லுங்கள், எந்த மாதத்தில் எங்கே கரைவலை இழுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். பேசக் கூச்சமாக இருந்தால் எழுத்தில் கொடுங்கள், கூட்டத்துக்கு முன்பே தபாலிலும் அனுப்பலாம். நகலில் ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முக்கியமாக, நடவடிக்கைக் குறிப்பைப் படித்துக் காட்டும்வரை எழுந்து போகாதீர்கள். எங்கள் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் சாப்பாட்டு நேரத்திலேயே போய்விட்டார்கள். அவர்கள் வரி சரியா என்று கேட்க ஆளில்லை.

எட்டு நாளுக்குள் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டோம். ஓடையின் ஆவணங்களை இடக் குறிப்போடு சேர்த்தேன். அக்டோபரில் நிபுணர் குழு கூடுதல் விவரம் கேட்டது: இயற்கை வடிகால் முழுவதையும் மழைக்காலத்தில் ஆய்வு செய்து, ஓடையைத் தொடாதபடி திட்ட வரைபடத்தை மாற்றிக் கொடுங்கள் என்று. அந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. இதே கண்மாய்க்கு வடக்கே சூரிய மின் பூங்கா ஒன்று வரப்போகிறதாம். சூரிய மின்சாரமும் காற்றாலையும் 2006 அறிவிக்கையின் அட்டவணையிலேயே இல்லை. அதனால் முன் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டாம், கருத்துக்கேட்பும் கிடையாது. புகை இல்லை, சாம்பல் இல்லை என்பது சரிதான். ஆனால் நூற்றுக்கணக்கான ஏக்கரைச் சமப்படுத்தி வேலி போட்டால் அங்கேயும் ஓடை இருக்குமே. அதை யார் போய் நடந்து பார்ப்பார்கள்?

டிசம்பரில் கண்மாய் மறுகால் பாய்ந்தது. பெரியவரே போன் செய்தார். "தாயி, வந்து பாருங்க." போனேன். நான் நின்ற இடத்தில் இடுப்பளவு செந்தண்ணீர், கரை தொட்டு ஓடியது. தேதி தெரியும்படி வீடியோ எடுத்துக்கொண்டேன்.

திருத்திய வரைபடம் போன வாரம் வந்தது. சாம்பல் குளம் மேற்கே நகர்ந்திருக்கிறது. ஓடையை நீலக் கோடாகப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் சிறிய எழுத்தில் அகலம் 9 மீட்டர் என்று இருக்கிறது. 14 எப்படி 9 ஆனது என்று கேட்டு, புல வரைபடத்தின் சான்றிட்ட நகலையும் டிசம்பர் வீடியோவையும் இணைத்து, மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரின் கையெழுத்தோடு நேற்றுப் பதிவுத் தபாலில் கடிதம் போயிருக்கிறது. தபால் ரசீதைக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.