பேர் போடாத போர்டு

போர்டு அடிக்கிற அண்ணன் மூன்றாவது தடவையாகப் போன் எடுத்தார். "தங்கச்சி, அளவு, கலர் எல்லாம் சரி. பேரை மட்டும் சொன்னீங்கன்னா பிரின்ட் போட்டுருவேன்." நாளைக்குச் சொல்றேன்ணே என்று வைத்துவிட்டேன். முதல் இரண்டு தடவையும் அதையேதான் சொன்னேன்.

இலங்கை மலையகத்தின் நோர்வூட் டவுனில் மெயின் ரோட்டிலிருந்து ஏழு படி கீழே இறங்கினால் ஒரு சின்ன அறை. வாடகை 18,000, ஆறு மாத அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. இந்த 2025 தீபாவளிக்கு முன்னால் அதில் தையல் கடை திறக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் வாங்கிய பதிவு விண்ணப்பத்திலும் வியாபாரப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதையும் வெறுமையாகவே வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

தேயிலைத் தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் 'பேர்' என்றால் நாட்சம்பளமும்தான். அம்மா மலையிலிருந்து வந்து கூடையை இறக்கியதும் அப்பா கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்கு முழுப் பேரா, அரைப் பேரா?" எங்கள் தோட்டத்தில் 18 கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர். மழைக்காலத்தில் கொழுந்து குறைந்தால் அரைப் பேர். பேர் போடுவது, போடாமல் விடுவது எல்லாம் அடுத்தவர் கையில். அதைக் கேட்டே வளர்ந்ததாலோ என்னவோ, என் கடைக்கு நானே பேர் போடலாம் என்றதும் கை ஓடவில்லை.

ஆனால் உண்மையான சிக்கல் நான் கணக்கு எழுதும் சீ.ஆர். கொப்பியில் இருந்தது.

கடைக்கு என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். லைட் வைத்த நேம்போர்டு 48,000. கண்ணாடிக் கதவு 65,000. ஜாக்கெட் போட்டு நிறுத்த இரண்டு பொம்மை 24,000. ஆளுயரக் கண்ணாடி, சுழலும் நாற்காலி, விசிட்டிங் கார்ட், திறப்பு விழாவுக்குக் கேக். கடைசி வரியில் 'ஓவர்லொக் மெஷின்' என்று எழுதி, நேரே தொகை போடாமல் 'பிறகு பார்ப்போம்' என்று எழுதியிருக்கிறேன்.

தம்பி அதைப் படித்துவிட்டு, "அக்கா, நீ தொறக்கப் போறது தையல் கடையா, தையல் கடை மாதிரி சினிமா செட்டா?" என்றான்.

கோபம் வந்தது. பதினாறு வருசம் மெஷினில் இருந்தவளுக்கு இவன் சொல்லித் தருகிறானா! ஓவர்லொக் இல்லாமல் தைத்தால் உள்பக்க ஓரமெல்லாம் இரண்டு சலவையில் நூல் நூலாகப் பிரிந்து வரும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் நாற்காலிக்குக் காசு ஒதுக்கி, மெஷினுக்கு ஒதுக்கவில்லை. அன்று ராத்திரி தூக்கம் வராததற்குக் காரணம் அதுதான்.

அந்த நாற்காலி எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

2009இல், 19 வயதில், கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துக்கு கார்மன்ட் வேலைக்குப் போனேன். ஐந்து வருசம் சட்டைக்குக் கை வைத்துத் தைத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. முழுச் சட்டை ஒன்றை ஒரு நாளும் தைத்ததில்லை. ரோட்டில் போனால் "ஜூக்கி கெல்லோ" என்று பையன்கள் சிரிப்பார்கள். கெல்லோ என்றால் சிங்களத்தில் பெண் பிள்ளைகள்; ஜூக்கி என்ற மெஷினின் பேரையே எங்களுக்கு வைத்திருந்தார்கள். அதன் பிறகு கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தையல் கடை. வெட்டுவது, லைனிங் வைப்பது, கழுத்து டிசைன் எல்லாம் அங்கேதான் பழகினேன். மேடம் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சுழலும் நாற்காலியில் இருப்பார். கழுத்தில் அளவு நாடா மாலை மாதிரித் தொங்கும். அவர் ஊசி பிடித்து நான் பார்த்ததில்லை. தைக்கிற நாங்கள் நால்வரும் பின்னறையில். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய சமயத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கையால் ஹெம் அடித்துக்கொண்டிருந்தபோதும் கஸ்டமர் அந்த நாற்காலிக்குத்தான் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தக் கடையில் நான் எங்கள் தோட்டத்து 'ஆமாங்க' என்பதை விட்டுவிட்டு, யாழ்ப்பாணத்துப் பக்கத்தார் சொல்லும் 'ஓம்' சொல்லப் பழகினேன். யாரும் சொல்லித் தரவில்லை. "எவ்விடம் பிள்ளை?" என்று கேட்டால் "ஹட்டன் டவுன்" என்பேன். தோட்டம் என்று ஒரு தடவைகூட வாயில் வரவில்லை. லீவுக்கு ஊருக்கு வரும்போது பஸ் டிக்கோயா தாண்டியதும் 'ஆமாங்க' தானாக வந்துவிடும். திரும்பிப் போகும்போது எந்த இடத்தில் அது காணாமல் போகும் என்றுதான் இன்றுவரை பிடிபடவில்லை.

ஆக நான் வாடகைக்கு எடுத்தது அறையை இல்லை, அந்த நாற்காலியை. கொப்பியை மறுபடி பார்த்தபோது அப்படித்தான் பட்டது.

என்னைப் பற்றி எனக்கு ஒரு கனவு இருந்த மாதிரி, மற்றவர்களுக்கும் என்னைப் பற்றி ஒன்று இருந்தது. அம்மாவுக்கு, நான் இனி நனையாமல் ஒக்காந்து சம்பாதிப்பேன். நாங்கள் இருக்கும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சிலருக்கு நான் "முதலாளியம்மா". அதற்கு அர்த்தம், கடனுக்குக் கேட்கலாம். பெரியம்மா நேராகவே கேட்டார், "ஏம் புள்ள, ஏங்கிட்டயுமா காசு வாங்குவ?" கல்யாணத்தைப் பற்றிக் கேட்டவர்களை இங்கே எண்ணவில்லை, இடம் போதாது.

விலை பேசியபோதுதான் எல்லாம் உடைந்தது. லைனிங் ஜாக்கெட்டுக்கு 1,800 என்று எழுதியிருந்தேன். வெள்ளவத்தையில் வாங்குவதைவிட அது குறைவுதான். அம்மா கொஞ்ச நேரம் கொப்பியையே பார்த்தார். "எம் பேரு 1,350. ஒரு நா முழுக்க மலையில நின்னாலும் ஒன் ஜாக்கெட்டு வாங்க முடியாதே." 2021இல் சம்பளம் ஆயிரமானது, 2024இல் 1,350 ஆனது. அந்தக் கணக்கை என்னைவிட அம்மா நன்றாக அறிவார். யாருக்குத் தைக்கப் போகிறேன் என்று யோசிக்காமலே விலை போட்டிருந்தேன். என் மனசில் இருந்த கஸ்டமர் வெள்ளவத்தை ஆள். படி இறங்கி வரப்போவது அம்மா மாதிரி ஆட்கள்.

மறு ஞாயிற்றுக்கிழமை லயத்தில் மூன்று பேருக்கு அளவெடுத்து, சும்மா தைத்துக் கொடுத்தேன். மூன்றும் முதுகில் இழுத்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது; வழக்கமாக நான் வெட்டும் அளவுதானே! பிறகு அடுத்த வீட்டு அக்காவைக் கையை முன்னால் நீட்டச் சொல்லிப் பார்த்தேன், கொழுந்து எடுக்கிற மாதிரி. முதுகு அகலம் ஒன்றரை அங்குலம் கூடியது. இவ்வளவு நாளும் நாடா பிடித்தால் ஆட்களை நேராக நிற்க வைத்துத்தான் அளந்திருக்கிறேன். இவர்கள் நாளெல்லாம் அப்படியா நிற்கிறார்கள்? மூன்றையும் பிரித்துத் திரும்பத் தைத்தேன். பெரியம்மாவின் ஜாக்கெட் இன்னும் சரியாக வரவில்லை, வலது தோள் இறங்கி நிற்கிறது.

இப்போது கொப்பியில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதியிருக்கிறேன். சாதா ஜாக்கெட் 750, லைனிங் 1,250. சம்பளம் 10ஆம் திகதி. அதனால் தைத்த உருப்படி 10க்கும் 12க்கும் இடையில் கையில் கிடைக்கிற மாதிரி வேலையை அடுக்க வேண்டும். கடன் கிடையாது, ஆனால் இரண்டு தடவையாகக் கட்டலாம். பெரியம்மாவுக்கு மட்டும் முதல் ஒன்று இலவசம், அதுவும் அவர் வெளியே சொல்லக்கூடாது என்ற நிபந்தனையில். (நேற்றே சொல்லிவிட்டார்.) பொம்மை, கண்ணாடிக் கதவு, கேக் எல்லாம் போய்விட்டது. நாற்காலியை வெட்டவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்து தைத்தால் இடுப்பு போய்விடும் என்று தம்பியிடம் சாக்குச் சொன்னேன். அவன் நம்பவில்லை, நானும்தான்.

ஓவர்லொக் மெஷின் வெள்ளிக்கிழமை ஹட்டனிலிருந்து வருகிறது, பாவித்த மெஷின்தான். கரண்ட் வேலை செய்யும் பையன் வந்து பார்த்து, அறையின் பழைய வயர் இரண்டு மெஷினுக்கும் அயன் பெட்டிக்கும் சேர்த்துத் தாங்காது, மாற்ற வேண்டும் என்றான். இன்னொரு 9,000. நேம்போர்டுக்கு லைட் வேண்டாம் என்று அந்தக் காசை இதற்குத் திருப்பினேன்.

நான்காவது போன் நேற்று வந்தது. "தையல் கடைன்னு மட்டும் பெருசா போடுங்கண்ணே. அதுக்கு மேல ஒரு வரி எடம் விட்டுருங்க," என்றேன்.

"அப்போ பேரு?"

"ஃபோர்ம் குடுக்க இன்னும் ஒரு கெழம இருக்குண்ணே."