கள்ளத்தோணி

கேரளத்தின் குளத்துப்புழையை அடுத்த ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான லயம் ஒன்றில் பிறந்தவன் நான். ஆரியங்காவுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் புளியரையும் செங்கோட்டையும், இந்தப் பக்கம் தென்மலையும் புனலூரும். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம். சென்ற மாதம் அந்தக் கடைத்தெருவில் கண்ட ஒரு காட்சி இன்னும் என்னை உறுத்திக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

மாலை ஐந்து மணி இருக்கும். ஒரு புது வீட்டில் டைல்ஸ் பதிக்கும் வேலையை முடித்துவிட்டு வந்த இரண்டு இளைஞர்கள், தேநீர்க்கடை பெஞ்சில் அமர்ந்து தங்களுக்குள் வங்காளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். கடையிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் எழுந்து சென்று ஆதாரைக் காட்டச் சொன்னார், காட்டினார்கள். “இது காசு கொடுத்தால் எங்கும் கிடைக்கும்” என்றார் இன்னொருவர். அந்த இளைஞர்களில் மூத்தவர் வாக்காளர் அட்டையையும் எடுத்து நீட்டினார். அதில் முர்ஷிதாபாத் மாவட்டம் என்றிருந்ததும், அது எல்லையோர மாவட்டம் என்பதே குற்றத்துக்குச் சான்று போலக் கூட்டம் பெருத்தது. காவலர்கள் வந்து இருவரையும் அழைத்துச் சென்றார்கள். சொந்த ஊர்ப் பஞ்சாயத்திலிருந்து உறுதிப்படுத்தும் தகவல் வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. அதன் பிறகு விட்டுவிட்டார்கள். அவர்களைச் சூழ்ந்து நின்றவர்களில் பாதிப்பேர் எங்கள் லயத்துக்காரர்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வடக்கேயிருந்து வேலைக்கு வரும் எவரையும் ‘பெங்காளி’ என்று சொல்வது கேரளத்து வழக்கம். ஒடிசாக்காரர், பிகார்க்காரர், அசாம்காரர் எல்லாரும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவர். தமிழர்களான எங்களை ‘பாண்டி’ என்று சொன்ன காலம் ஒன்று உண்டு. ‘பெங்காளி’ என்ற அந்தச் சொல்லுக்குள் ‘வங்கதேசி’ என்ற சந்தேகமும் இப்போது புகுந்துகொண்டதால், இந்த மாநிலத்தில் உழைக்கும் பல லட்சம் இந்தியக் குடிமக்கள்மீது அது ஒருசேர விழுகிறது.

ஊர்மக்களின் கோபத்தை நான் வெறும் வெறுப்பு என்று தள்ளிவிடவில்லை. 2025 ஜனவரியில் திருப்பூர் மாவட்டத்திலும், அதே மாதக் கடைசியில் வடக்கன் பறவூர் அருகிலும், போலி ஆவணங்களோடு வேலை பார்த்துக்கொண்டிருந்த வங்கதேசத்தவர்கள் கைது செய்யப்பட்டார்கள். நாடு முழுவதையும் கடந்து தென்கோடி வரை வந்து, ஒரு தொழிலாளர் முகாமில் மாதக்கணக்கில் தங்க ஒருவரால் முடிகிறது என்றால், வழியில் எத்தனை பேர் காசு வாங்கிக்கொண்டு கண்ணை மூடியிருக்க வேண்டும் என்று மக்கள் கேட்பது நியாயமான கேள்வி. கூலியின் கணக்கும் இதில் உண்டு. குறைத்துக் கொடுத்தாலும் புகார் சொல்லப் போக இடமில்லாதவர் என்பதாலேயே ஆவணமற்றவரைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைக்கும் கங்காணிகள் இருக்கிறார்கள். அந்தக் கூலியைக் காட்டி எங்கள் ஆட்களின் கூலியையும் இறக்குகிறார்கள். எல்லை என்று ஒன்று இருந்தால் அதைக் காக்க வேண்டும். சட்டத்தை மீறி நுழைந்தவரைச் சட்டப்படி திருப்பி அனுப்ப வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் எங்கள் லயத்துக்காரர்கள் இதைப் பேசும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. எங்கள் பூட்டன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனபோது, தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டைக் கட்டிக்கொண்டு, வெள்ளையர் அரசு வகுத்த முறைப்படி மண்டபம் முகாம் வழியாகத்தான் போனார். இருந்தும் அவருடைய மகளான என் அப்பாயியை அங்கே ‘கள்ளத்தோணி’ என்றுதான் ஏசினார்கள். தென்னிந்தியாவிலிருந்து களவாகப் படகேறி வந்தவர்களும் இருந்தார்கள் என்பது உண்மையே. அவர்களைத் தடுக்க இலங்கை அரசு 1952 முதல் கடலோரத்தில் படையை நிறுத்தி, 1963-இல் அதற்கெனத் தனிப் படைப்பிரிவே அமைத்தது. ஆனால் அந்தச் சிலரின் பெயர் மலையகத்தில் கொழுந்து கிள்ளிய அத்தனை பேர்மீதும் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்பே 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், அங்கேயே பிறந்து அங்கேயே உழைத்த லட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியிருந்தது. தந்தை இலங்கையில் பிறந்தவர் என்பதைத் தாளில் நிரூபிக்கச் சொன்னார்கள்; தோட்டத்துப் பிரசவ அறையில் பிறந்தவர்களிடம் எந்தத் தாள் இருந்திருக்கும்?

1964 அக்டோபர் 30-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அந்த மக்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் இந்தியப் பங்காக வந்தவர்கள் எங்கள் குடும்பத்தார். விண்ணப்பித்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபத்தில் தங்கி, 1970-களின் நடுவில் இந்த மலைக்கு வந்தார்கள். ஆயிரநல்லூரிலும் குளத்துப்புழையிலும் எங்களைப் போன்றவர்களுக்காக மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து ரப்பர் நட்டன. 1976-இல் அதற்கென ஒரு நிறுவனமும் உருவாயிற்று. அப்பாவும் அம்மாவும் பால் வெட்டித்தான் எங்களை வளர்த்தார்கள்.

சட்டப்படி அழைத்து வரப்பட்டும் சந்தேகம் எங்களை விடவில்லை. என் சாதிச் சான்றிதழுக்காக நான் அலைந்த அலைச்சலில், ஓர் அதிகாரி எங்கள் குடும்ப அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நீங்கள் இந்தியர்தான் என்பதற்கு வேறு என்ன இருக்கிறது?” என்று கேட்டார். அப்போது எனக்குப் பதினேழு வயது. அருகில் நின்ற அப்பா ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். அன்று அவர் நின்ற அதே நிலையில்தான் அந்த முர்ஷிதாபாத் இளைஞர் வாக்காளர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

எங்கள் ஜங்ஷனில் நிற்பவர்கள் கேட்டு வாங்கிப் பார்க்கும் ஆதார், குடியுரிமைக்குச் சான்றே ஆகாது. 182 நாள் இந்தியாவில் வசித்த வெளிநாட்டவரும் அதைப் பெறலாம். அது குடியுரிமைச் சான்று அன்று என்று 2016-ஆம் ஆண்டு ஆதார்ச் சட்டமே சொல்கிறது. ஆகவே ஆதாரைக் காட்டியவர் குடிமகன் என்றும் சொல்ல முடியாது, காட்டாதவர் அந்நியர் என்றும் சொல்ல முடியாது. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டப்படி, உரிய ஆவணமின்றி நாட்டுக்குள் நுழைந்தால் ஐந்தாண்டு வரை சிறை. போலிக் கடவுச்சீட்டோ விசாவோ பயன்படுத்தினாலும் தயாரித்துக் கொடுத்தாலும் இரண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை. தயாரித்துக் கொடுப்பவருக்குச் சட்டம் இவ்வளவு கடுமையான தண்டனையை வைத்திருக்கும்போது, நம் ஊர்க்கோபம் மட்டும் ஏன் அவரைத் தேடிப் போவதில்லை?

அதே 2025-இன் கோடையில், வங்காளம் பேசியதால் வேறு மாநிலங்களில் பிடிபட்ட மேற்கு வங்கத் தொழிலாளர் சிலர், விசாரணை முடியுமுன்பே எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டார்கள். அவர்கள் இந்தியர்கள் என்று தெரிந்த பிறகு மீண்டும் அழைத்து வரப்பட்டார்கள். எல்லைப் பாதுகாப்பு என்ற பெயரில் சொந்தக் குடிமகனை அந்நிய மண்ணில் விட்டுவிட்டு வருவதை எந்தக் கோபத்தாலும் நியாயப்படுத்த முடியாது. வங்கதேசத்தோடு நமக்குள்ள எல்லை 4,096 கிலோமீட்டர்; பாதிக்கு மேல் மேற்கு வங்கத்தில் இருக்கிறது. முர்ஷிதாபாத்தில் பத்மா ஆறே எல்லையாக ஓடி, கரையை அரித்து இடம் மாறிக்கொண்டிருப்பதால் வேலி போட முடியாத இடங்கள் ஏராளம். அங்கே கூடுதல் படகுகளும் ஆட்களும் வேண்டும்; ஆள் கடத்தும் தரகர்கள்மீது வழக்கு வேண்டும்; இங்கே, பதிவு செய்யாமல் ஆளை வைத்திருக்கும் ஒப்பந்ததாரர்மீது அபராதம் வேண்டும்; பிடிபட்டவர் தன் தரப்பைச் சொல்ல ஒரு நீதிபதியின் முன் நிற்க வேண்டும்.

விடப்பட்ட இருவரும் அதே வீட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். இரண்டு நாள் கூலியை ஒப்பந்ததாரர் கொடுக்கவில்லை. அவர்களோடு தங்கியிருக்கும் மற்ற ஒன்பது பேரையும் சந்தித்துப் பேசினேன். ஒருவரைக்கூட அந்த ஒப்பந்ததாரர் தொழிலாளர் துறையில் பதிவு செய்திருக்கவில்லை. பதினொரு பேரின் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை அவர்களை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போகிறேன். அன்று தேநீர்க்கடையில் முதலில் ஆதாரைக் கேட்டவர் என் பெரியப்பா மகன். அவரையும் உடன் வரச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை.