வாய்க்கால் கரையில் சரிந்த காரும் காப்பீடும்

கடந்த ஐப்பசியில் மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு, சம்பா வயலில் தண்ணீர் வடிந்ததா என்று பார்க்க, என் சித்தப்பா வெட்டாற்றுப் பாசன வாய்க்காலின் கரை வழியாகக் காரில் சென்றார். நானும் உடன் இருந்தேன். ஊறிப்போயிருந்த கரை இடப்பக்கச் சக்கரங்களுக்கு அடியில் சரிய, கார் மெல்லச் சாய்ந்து வாய்க்காலுக்குள் முகப்போடு இறங்கி நின்றது. எங்களுக்கு அடி எதுவும் இல்லை. நான் கரையேறித் திரும்பிப் பார்ப்பதற்குள், பதற்றத்தில் அவர் இரண்டு முறை சாவியைத் திருப்பிவிட்டார். முதல் முறை ஒரு முனகல். இரண்டாம் முறை ‘டக்’ என்று ஒரே சத்தம்.

டிராக்டர் வைத்து வண்டியை மேலே இழுத்த அன்று மாலையே காப்பீட்டு முகவர் தொலைபேசியில் சொன்னார்: “தார் ரோட்டுல நடந்ததா எழுதிடுங்க. வயக்காட்டுப் பாதைன்னா கிளெய்ம் கிடைக்காது.” இது முற்றிலும் தவறான அறிவுரை. 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகளை ஒட்டி அமைந்த தனியார் கார் பாலிசியில் எல்லையாகச் சொல்லப்படுவது இந்தியா. தார்ச்சாலை என்ற நிபந்தனை அதில் இல்லை. விலக்கப்படுவது பயன்பாடு: வாடகைக்கு ஓட்டுவது, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, வண்டியின் நம்பகத்தன்மையைச் சோதிக்கும் ஓட்டம், சொந்தப் பயணப் பொருட்களும் மாதிரிப் பொருட்களும் தவிர்ந்த சரக்கை ஏற்றுவது. உர மூட்டைகளைக் காரின் பின்னிருக்கையில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போகும் நம் வழக்கம், கரைப்பாதையைவிட அதிகச் சிக்கலைத் தரக்கூடியது. நடந்த இடத்தை மாற்றி எழுதினால், அந்தப் பொய்யே மறுப்புக்குக் காரணமாகிவிடும். ஆகவே கரை, வாய்க்கால், சாவி திருப்பியது என எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதிக் கொடுத்தோம்.

சேதத்தை மதிப்பிட வந்த காப்பீட்டுச் சர்வேயர் இடத்தைப் பற்றி ஒரு கேள்வியும் எழுப்பவில்லை. நசுங்கிய பானெட், உடைந்த விளக்கு, பம்பர் ஆகியவை ஏற்கப்பட்டன. பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாகப் பாதியும், உரிமையாளரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவாக 1,000 ரூபாயும் பிடிக்கப்பட்டன. மறுக்கப்பட்டது இஞ்சின் மட்டும். பணிமனையில் ஏர் ஃபில்டரைக் கழற்றியபோது அதிலிருந்து வண்டல் கலந்த நீர் சொட்டியது. அந்த வழியாகச் சிலிண்டருக்குள் புகுந்த நீர் காற்றைப்போல் அமுங்காது. இஞ்சினைச் சுழற்றும்போது பிஸ்டன் அதன்மீது முட்டி, பிஸ்டனோடு இணைந்த தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடுகிறது. வெள்ளத்தால் வரும் சேதத்தைப் பாலிசி ஏற்கிறது. ஆனால் விபத்துக்குப் பின் பழுது பார்க்காமல் வண்டியை இயக்கி அதிகமாகும் சேதம் உரிமையாளரின் பொறுப்பு என்று நிபந்தனைப் பகுதியில் எழுதியிருக்கிறது. மொத்தச் செலவில் பெரும்பகுதி அந்த இரண்டாவது திருப்பலுக்குத்தான் போயிற்று என்பதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

டெல்டாவில் வயல், களம், படுகை என்று நம் வேலை பெரும்பாலும் தார்ச்சாலை முடிந்த பிறகுதான் தொடங்குகிறது; களிமண் கரை எப்போது சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீருக்குள் இறங்கிய வண்டியில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், நிற்கும் நிலையிலேயே புகைப்படம் எடுங்கள், உடனே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள், இழுத்தே பணிமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இந்த முறை புதுப்பித்தபோது இஞ்சின் பாதுகாப்புக் கூடுதல் காப்பீட்டையும் சேர்த்தோம். கையெழுத்திடும் முன், நீருக்குள் மீண்டும் ஸ்டார்ட் செய்வது பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார்.