காளி கோயிலில் தொடங்கி ஷ்வேடகோன் வரை, அப்பத்தா நடந்த வழியில்

எங்கள் அப்பத்தாவுக்கு இந்த ஆடியில் தலைத்திதி. அப்பா வீட்டில் படையல் போட்டு, காக்காவுக்குச் சோறு வைத்து முறைப்படி எல்லாம் செய்து முடித்துவிட்டார். ஆனால் எனக்கும் அத்தைக்கும் அது போதவில்லை. அப்பத்தா செவ்வாய்க்கிழமைகளில் போகிற வழி ஒன்று இருந்தது, மத்தியானம் காளி கோயில், அங்கிருந்து ஷ்வேடகோன் புத்தர் கோயில், அப்புறம்தான் வீடு. நடக்க முடிந்தவரை அதை அவள் விட்டதே கிடையாது. அதனால் திதிக்கு அடுத்து வந்த செவ்வாயில் அத்தை, நான், என் மகள் மூன்று பேரும் அதே வழியில் போய் வந்தோம்.

ரங்கூனில் இருக்கிற நம்மவர்களுக்கு ஸ்ரீ காளி கோயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அனவ்ரத்தா ரோட்டில், கொன்சேடான் தெரு முனையில், இங்கே பிழைக்க வந்த தமிழர்கள் 1871-இல் கட்டிய கோயில். முன்பு அந்த ரோட்டுக்கு ஃப்ரேசர் ஸ்ட்ரீட் என்று பெயர், அப்பத்தா கடைசி வரை அந்தப் பெயரைத்தான் சொன்னாள், அதனால் புது டாக்ஸிக்காரர்களிடம் நாங்கள் குறுக்கே புகுந்து சொல்ல வேண்டியிருக்கும். பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாகக் கோபுரம் முழுக்கச் சிலைகள், பக்கத்திலேயே தேஞ்சி மார்க்கெட், அங்கிருந்து வருகிற மிளகாய் வாசனை, மல்லிகை மாலை, புறாக்கள், ஆடி மாசத்து ரங்கூன் மழை. இங்கே ஆடி என்றால் சாரல் இல்லை, கொட்டுகிற மழை. மூன்று பேரும் குடை இருந்தும் நனைந்துதான் உள்ளே போனோம்.

அப்பத்தா செவ்வாய் ராகு காலத்தில், மூன்று மணிக்கு மேல் நாலரைக்குள், எலுமிச்சை விளக்குப் போடுவாள். பழத்தை இரண்டாக வெட்டி, சாற்றைப் பிழிந்து, தோலை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரித் திருப்பி நெய் ஊற்றித் திரி போடுவது. கேட்கச் சுலபம்தான், தோல் கிழியாமல் திருப்ப ஒரு பதம் வேண்டும். அத்தைக்கு அது கை வந்த கலை, என் மகள் இந்தத் தடவைதான் கற்றுக்கொண்டாள். எங்களுக்குப் பக்கத்தில் கன்னத்தில் தனகா என்கிற மரப்பட்டைக் குழம்பு பூசிய பர்மாக்காரப் பெண் ஒருத்தி, நடுவில் தேங்காயும் சுற்றிலும் வாழைப்பழச் சீப்புகளும் வைத்த அவர்கள் வழக்கத்துத் தட்டோடு நின்று, கண்ணை மூடி ரொம்ப நேரம் வேண்டிக்கொண்டிருந்தாள். இது இங்கே சாதாரணம். அம்மனிடம் வருகிற பர்மாக்காரர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு இடம் விட்டு நகர்ந்து நிற்பது அப்பத்தா எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் கோயில் ஒழுக்கம்.

அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் கேட்டார் ஐயர். அத்தை அப்பத்தா பெயரைச் சொல்லவில்லை, ஐயாவின் பெயரைச் சொன்னாள். நான் திரும்பிப் பார்த்தேன். "அம்மா என்னைக்காவது தன் பேருக்கு அர்ச்சனை பண்ணிப் பார்த்திருக்கியா?" என்று கேட்டாள். உண்மைதான். நான் பார்த்ததே இல்லை.

ஐயா என்பது எங்கள் தாத்தா. அவரைப் பற்றிச் சொல்லாமல் அப்பத்தாவைப் பற்றிச் சொல்ல முடியாது. அப்பத்தா 1939-இல் இந்த ஊரில் பிறந்தவள். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது அவளுடைய அம்மா இவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். லட்சக்கணக்கில் ஜனங்கள் இந்தியாவுக்கு நடந்தே போன காலம், வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அவர்கள் குடும்பம் நடக்கவில்லை, உள்நாட்டிலேயே ஒரு கிராமத்தில் ஒளிந்து கிடந்து பிழைத்தது. பதினேழு வயதில் ஐயாவுக்கு வாழ்க்கைப்பட்டாள். ஐயாவுக்கு ஒரு சின்ன மளிகைக் கடை இருந்தது.

1962-இல் ராணுவ ஆட்சி வந்தது. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளை எல்லாம் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. அதே வருஷம் மே மாசம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கடையும் போய், சேர்த்து வைத்த காசும் போன பிறகு இங்கே இருந்து என்ன செய்வது? அந்த வருஷங்களில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் கப்பல் ஏறினார்கள், அதில் நம் ஆட்கள் எத்தனையோ பேர். அப்பத்தாவின் அப்பா, அம்மா, தம்பி, தங்கை எல்லோரும் மெட்ராஸ் போனார்கள். வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து போனவர்களுக்கென்று இருக்கிற குடியிருப்பில்தான் அந்தத் தங்கை, எங்கள் சின்னப்பத்தா, இன்றைக்கும் இருக்கிறார்.

அப்பத்தாவும் பெட்டி கட்டினாள். பாத்திரங்களைச் சாக்கில் போட்டுத் தைத்தும் விட்டாள். அந்த நேரம் பார்த்து ஐயாவின் அம்மா விழுந்து படுக்கையாகிவிட்டார். கப்பலில் தாங்க மாட்டார் என்றார்கள். ஐயா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லையாம். மூன்றாம் நாள் காலையில் அவர், "நீ பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு உங்க அப்பா அம்மாவோட போயிரு, நான் பின்னாடி வர்றேன்" என்றார். அப்பத்தா ஒன்றும் சொல்லாமல் அரிவாள்மனையை எடுத்துச் சாக்கின் தையலைப் பிரித்தாளாம், ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துப் பழையபடி பரணில் வைத்தாளாம், அப்புறம் உலை வைத்தாளாம். அவ்வளவுதான் அவள் சொன்ன பதில். இந்தக் கதையை அவள் சொல்லி நான் கேட்டதில்லை, ஐயாதான் சொல்வார், சொல்லும்போதெல்லாம் குரல் மாறும்.

இதைக் கேட்கிறவர்கள் பாவம் அந்தப் பெண், புருஷனுக்காகப் பிறந்த வீட்டையே விட்டுக்கொடுத்தாள் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. அந்த வீட்டில் அன்றைக்கு முடிவெடுத்தது ஐயா இல்லை, அவள்தான். எடுத்த முடிவை நினைத்து ஒரு நாளும் முகம் சுளித்ததும் இல்லை, அதைச் சொல்லிக் காட்டிக் காரியம் சாதித்ததும் இல்லை. ஐயா மூட்டை தூக்கப் போனார், இவள் தெருவில் பருப்பு வடையும் சமோசாவும் போட்டு விற்றாள். மாமியாரை நாலு வருஷம் புரட்டிப் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டாள். இந்த மண்ணில் பிறந்தவள்தான், ஆனாலும் சாகிற வரை அவள் கையில் இருந்தது வெளிநாட்டவர் பதிவு அட்டை. தன் அட்டை, ஐயாவின் அட்டை இரண்டையும் ஒரே மஞ்சள் துணியில் சுற்றி அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்திருப்பாள்.

ஷ்வேடகோன் கதை அதற்குப் பிறகு வந்தது. எழுபதுகளில் ஐயாவுக்குக் காசநோய். மருந்து கடைகளில் கிடைக்காது, வெளிச்சந்தையில் வாங்க வேண்டும், அதற்காக எட்டுக்கல் தோட்டை விற்றாள். காளியம்மனுக்குச் செவ்வாய் விரதம் நேர்ந்துகொண்டது அப்போதுதான். பக்கத்து வீட்டுப் பர்மாக்காரம்மா இவளைப் பார்த்து, உன் புருஷன் என்ன கிழமை பிறந்தார் என்று கேட்டிருக்கிறார். புதன்கிழமை சாயங்காலம் என்று இவள் சொன்னதும், கையைப் பிடித்து ஷ்வேடகோனுக்கு அழைத்துப் போய்விட்டார்.

தெரியாதவர்களுக்கு: ஷ்வேடகோன் தங்க கோபுரத்தைச் சுற்றி எட்டுத் திசைக்கும் எட்டு மூலைகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு கிழமைக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரகம், ஒரு பிராணி. கிழமை ஏழுதானே என்றால், புதனை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள், முற்பகல் புதனுக்கு, மத்தியானத்துக்கு மேல் ராகுவுக்கு. வடமேற்கில் இருக்கிற ராகு மூலைக்குத் தந்தம் இல்லாத யானை. செவ்வாய் மூலை தென்கிழக்கு, அங்கே சிங்கம். அவரவர் பிறந்த கிழமை மூலையில் இருக்கிற புத்தருக்குச் சின்னக் கிண்ணத்தால் தண்ணீர் ஊற்றுவார்கள், வயசுக்கு ஒரு கிண்ணம், கூட ஒன்று. நவக்கிரகம் சுற்றி வளர்ந்த நமக்கு இது அந்நியமாகவே தெரியாது. ஆடியில் நாம் கல்யாணம் வைப்பதில்லை, அவர்களும் தங்கள் வாசோ மாசத்துப் பௌர்ணமி தொடங்கி மூன்று மாசம் வைப்பதில்லை. ஒரே மழைக்காலத்தில் இரண்டு பேரும் சாமியைத்தான் பிடித்துக்கொள்கிறோம்.

அப்பத்தா செவ்வாய்க்கிழமை பிறந்தவள். ஆனாலும் முதலில் ராகு மூலைக்குத்தான் போவாள், ஐயாவுக்கு ஊற்றிவிட்டு அப்புறம்தான் தன் மூலை. ஐயா தேறினார். அதன் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் நன்றாக இருந்துவிட்டு 1999-இல், 69 வயதில் போனார். நான் சொல்ல வந்த விஷயமே இனிமேல்தான். அவர் போன பிறகும் அப்பத்தா ராகு மூலையை விடவில்லை. அதோடு எண்ணிக்கையையும் நிறுத்தவில்லை. அடுத்த வருஷம் அவருக்கு 70 வயது என்று கணக்கு வைத்து ஊற்றினாள், அப்புறம் 71, 72 என்று வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனது. கடைசியாக நான் கூட்டிக்கொண்டு போனபோது ஐயாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. படி ஏற முடியாமல் லிஃப்ட்டில் போய், நான் முழங்கையைத் தாங்கிக்கொள்ள, உதடு அசைய எண்ணி எண்ணி ஊற்றினாள். நடுவில் எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பின்னால் நிற்கிற பர்மாக்காரர்கள் ஒருவர்கூட அவசரப்படுத்தியதில்லை. தனக்கு ஊற்றும்போது மட்டும் எண்ண மாட்டாள், ஏதோ பத்துப் பதினைந்து ஊற்றிவிட்டுக் கும்பிட்டு நகர்ந்துவிடுவாள்.

பதிவிரதை என்று புராணத்தில் படிக்கிறோம், சூரியனை உதிக்காதே என்று சொன்னவள், எமனோடு பேசி ஜெயித்தவள் என்று. எங்கள் அப்பத்தா எமனோடு பேசவெல்லாம் போகவில்லை. அவன் கணக்கை முடித்த பிறகும் தன் கணக்கைத் தொடர்ந்து எழுதினாள்.

இந்தச் செவ்வாயும் முதலில் ராகு மூலைக்கே போனோம். பளிங்குத் தரை மழையில் வழுக்கியது, செருப்பில்லாத காலில் தண்ணீர் சில்லென்று ஓடியது. அத்தை ஐயாவுக்கு ஊற்றினாள், கணக்கு விடாமல். அப்புறம் செவ்வாய் மூலை. சிங்கத்துக்கு மேலே யாரோ வெள்ளைப் பூ வைத்திருந்தார்கள். இங்கே அப்பத்தாவுக்காக நான்தான் எண்ணினேன், அவள் எண்ணாமல் விட்டதை எல்லாம் சேர்த்து, முழு வயசுக்கும் ஊற்றினேன். பாதியில் என் மகள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

அத்தை அங்கிருந்தே வியாசர்பாடிக்கு வீடியோவில் கூப்பிட்டாள். லைன் விட்டு விட்டுத்தான் கிடைத்தது. சின்னப்பத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் காட்டச் சொன்னார், கோபுரம், படி, மழை, சிங்கம். இங்கேயிருந்து போய் அறுபது வருஷம் ஆகிறது, ஒரு தடவைகூடத் திரும்பி வர வாய்க்கவில்லை. "அக்காவுக்கு நிறைய ஊத்தினீங்களாடி?" என்று கேட்டுக் கொஞ்ச நேரம் அழுதார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் சனிக்கிழமை பொறந்தவ, எனக்கும் ஊத்திட்டுப் போங்க" என்றார்.

சனி மூலை தென்மேற்கில், நாகம். தெற்கு வாசலைக் கடந்து போனோம். போனை என் மகள் அவருக்குத் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டாள். எத்தனை கிண்ணம் ஊற்ற வேண்டும், உங்கள் வயசு சரியாக என்ன என்று நான் கேட்டேன்.

"அதெல்லாம் எனக்கு எங்க தெரியும், நீ ஊத்திக்கிட்டே இரு, போதும்னு நான் சொல்றேன்" என்றார்.