13 டாலர் 40 சென்ட்டுக்கு ஒரு செமி ஃபைனல்

நான் இருக்கறது நியூ ஜெர்சி எடிசன்ல. கிரிக்கெட்ட தவிர வேற எதையும் பாத்து வளராத ஆளு, பையன் இங்க லீக்ல சாக்கர் ஆட ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் ஆஃப்சைடுன்னா என்னன்னே ஓரளவு புரிஞ்சுது (இன்னமும் சில சமயம் புரியாது, பக்கத்துல இருக்கறவங்க கத்தினா நானும் கத்திருவேன்). 2025 ஜூன்ல 32 கிளப் ஆடற கிளப் வேர்ல்ட் கப் அமெரிக்காவுல நடக்குதுன்னதும் பையன் நச்சரிக்க ஆரம்பிச்சுட்டான். ரெண்டு செமி ஃபைனல், ஃபைனல் எல்லாமே நம்ம வீட்டுக்கு கிட்ட இருக்கற மெட்லைஃப் ஸ்டேடியத்துல. போகலன்னா வருஷம் பூரா சொல்லிக்காட்டுவான்.

டிக்கெட் பாத்தேன், 473 டாலர் 90 சென்ட். ஒரு ஆளுக்கு. அப்பனுக்கும் புள்ளைக்கும் சேத்து ஊருக்கே ஒரு ஃப்ளைட் டிக்கெட் போட்டுரலாம் போல, லேப்டாப்ப மூடி வச்சுட்டேன். இங்க டைனமிக் ப்ரைசிங்னு ஒண்ணு இருக்கு, கூட்டம் கேட்டா விலை ஏறும், கேக்கலன்னா இறங்கும், நம்ம கோயம்பேட்டுல தக்காளி விக்கற மாதிரிதான். எங்க ஆஃபீஸ்ல ஒருத்தர் முன்னாடியே முழு விலை குடுத்து வாங்கிட்டாரு, அவர் கதைக்கு அப்புறம் வரேன்.

ஜூலை 4 அன்னைக்கு குவார்ட்டர் ஃபைனல்ல பிரேசில் கிளப் ஃப்ளுமினென்ஸியும் லண்டன் கிளப் செல்சியும் ஜெயிச்சாங்க, அதாவது 8ஆம் தேதி செவ்வாய்க்கிழமை செமி இவங்க ரெண்டு பேருக்கும்தான்னு முடிவாச்சு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு மணி மேட்ச். யாரு லீவ் போட்டுட்டு வருவான்? அந்த வாரக்கடைசியில சும்மா எதுக்கும் பாப்போமேன்னு திறந்தா 13 டாலர் 40 சென்ட். நான் ஏதோ பார்க்கிங் டிக்கெட்ட பாத்துட்டேன்னு நெனச்சு ரெண்டு தடவ பேஜ ரீஃப்ரெஷ் பண்ணேன். அதேதான். ரெண்டு டிக்கெட் எடுத்து முடிக்கற வரைக்கும் கை நடுங்குச்சு.

இதுல நான் பண்ண தப்பு, கிடைச்ச அவசரத்துல எந்தப் பக்கம் சீட்டுன்னு பாக்கல. மெட்லைஃபுக்கு கூரையே கிடையாது. மத்தியானம் மேட்ச்னா மேற்குப் பக்க கேலரிக்குத்தான் கொஞ்சம் கொஞ்சமா நிழல் வரும், கிழக்குப் பக்கம் உக்காந்தா சூரியன் நேரா மூஞ்சில அடிக்கும். நாங்க கிழக்குப் பக்கம், மேல் அடுக்கு. அன்னைக்கு வெயில் 35 டிகிரி செல்சியஸ். மெட்ராஸ்காரனுக்கு இதெல்லாம் ஒரு வெயிலான்னு கிளம்பினேன், மெட்ராஸ்ல மூணு மணிக்கு யாரும் மொட்டமாடில உக்காந்து பந்து பாக்க மாட்டாங்கங்கறது அங்க போயி உக்காந்தப்புறம்தான் உறைச்சுது.

லீவ் கேட்ட கதை இன்னொண்ணு. மேனேஜர் இங்கயே பொறந்து வளந்தவர், ஃபுட்பால்னா அவருக்கு ஹெல்மெட் போட்டு ஆடறதுதான். வேர்ல்ட் கப் அடுத்த வருஷம்தானேன்னாரு. இது கிளப்புக்கு உண்டான வேர்ல்ட் கப்புன்னு விளக்கினேன், சரி சரின்னு தலையாட்டிட்டு அரை நாள் குடுத்துட்டாரு. ரெண்டு நாள் முன்னாடிதான், ஞாயித்துக்கிழமை, அவங்க நாட்டு டீமே ஹூஸ்டன்ல கோல்ட் கப் (இந்தப் பக்கத்து நாடுகளோட கோப்பை) ஃபைனல்ல மெக்சிகோகிட்ட 2-1னு தோத்திருந்துது, அதுவும் அவருக்குத் தெரியல. அந்த மேட்ச டிவில பாத்தேன், சொந்த மண்ணுல ஆடுது அமெரிக்கா, கேலரி பூரா மெக்சிகோவோட பச்ச ஜெர்சி. சேப்பாக்கத்துல இந்தியா ஆடும்போது கூட்டம் மொத்தமும் எதிர் டீமுக்கு கை தட்டினா எப்படி இருக்கும், அப்படி.

போற வழி: எடிசன்ல ரயில் ஏறி சிகாகஸ் ஜங்ஷன்ல எறங்கி அங்கேந்து ஸ்டேடியத்துக்கே போற மெடோலாண்ட்ஸ் ரயில். டிக்கெட்ட சிகாகஸோட நிறுத்திராதீங்க, ஆப்ல கடைசி ஸ்டேஷன் மெடோலாண்ட்ஸ்னு போட்டு போக வர சேத்தே எடுத்துருங்க, ஏன்னா சிகாகஸ்ல ரயில் மாற கேட்ல டிக்கெட்ட ஸ்கேன் பண்ணணும், அங்க நின்னு ஃபோன நோண்டினா பின்னாடி நிக்கற கூட்டம் நம்மள தின்னுரும்.

அடுத்தது பை. உள்ள இருக்கறது வெளிய தெரியற கண்ணாடி மாதிரி பைதான் அலவ்டு, இல்லன்னா ஒரு கேலன் ஜிப்லாக் கவர். ஆஃபீஸ் பேக்பேக்கெல்லாம் வேலைக்கு ஆகாது. கிளம்பற நேரத்துல கண்ணாடி பைக்கு எங்க போறது, வீட்டம்மா ஃப்ரீசர்ல கறிவேப்பில போட்டு வச்சிருந்த ஜிப்லாக்க காலி பண்ணி கழுவி துடைச்சு குடுத்தாங்க. அதுலதான் சன்ஸ்கிரீன், சார்ஜர், பையனோட தொப்பி எல்லாம். செக்யூரிட்டில நின்ன அம்மா கவர தூக்கி வெளிச்சத்துல பாத்து, திறந்தவங்க ஒரு நிமிஷம் மோந்து பாத்துட்டு என் மூஞ்சிய பாத்தாங்க. எவ்வளவு கழுவினாலும் அந்த வாசன போகுமா. சிரிச்சுக்கிட்டே உள்ள விட்டுட்டாங்க.

டிக்கெட் ஃபோன் ஆப்லதான், ஸ்க்ரீன்ஷாட் செல்லாது, அதனால சார்ஜர் இல்லாம போகாதீங்க. என் ஃபோன் வெயில்ல சூடாகி வெளிச்சத்த தானே குறைச்சுக்கிச்சு, கேட்டுக்கு முன்னாடி சட்டைக்குள்ள வச்சு நிழல் காட்டி தட்டி எழுப்பினேன்.

உள்ள போனா 13 டாலர் கூட்டம்னு நெனச்சா தப்பு, 70 ஆயிரம் பேருக்கு மேல. எங்க வரிசையில இந்தப் பக்கம் நியூவர்க் அயர்ன்பவுண்ட்லேந்து வந்த ஒரு பிரேசில் தாத்தாவும் பேத்தியும், அந்தப் பக்கம் ஈக்வடார் ஜெர்சில நாலு பேர், அவங்க நாட்டு கிளப் ஒண்ணுகூட இந்தப் போட்டியில இல்ல, செல்சில ஆடற மொய்செஸ் கைசெடோ எங்க ஊர்க்காரன்னு வந்திருக்காங்க. முன் வரிசையில அர்ஜென்டினா பத்தாம் நம்பர் ஜெர்சி. டீம் எதுன்னு கேட்டா எல்லாரும் ரெண்டு டீம் சொல்றாங்க, ஒண்ணு அப்பா ஊரு, ஒண்ணு டிவில பாத்தது. 94ல இங்க நடந்த வேர்ல்ட் கப்புக்கு 52 மேட்ச்ல 35 லட்சத்துக்கு மேல ஆள் வந்தாங்க, அந்த மொத்தக் கணக்க 2022 கத்தார் வரைக்கும் ஒரு வேர்ல்ட் கப்பும் தாண்டல, அப்ப இங்க சொல்லிக்கற மாதிரி ஒரு லீக் கூட கிடையாது, இப்ப இங்க இருக்கற பெரிய லீக் எம்எல்எஸ் ஆரம்பிச்சதே 96ல. அது எப்படி சாத்தியம்னு முன்னாடி புரியாது, அந்த வரிசையில உக்காந்தப்போ புரிஞ்சுது. அமெரிக்காக்காரன் சாக்கர் பாக்க மாட்டான்னு சொல்றவங்க அமெரிக்காக்காரன்னா எங்க மேனேஜர மட்டும் நெனச்சுக்கறாங்க.

ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பிளேயர் பேரா கூப்பிட்டு தனித்தனியா ஓடி வரச் சொன்னாங்க, பாஸ்கெட்பால்ல பண்ற மாதிரி, அப்புறம் பத்து ஒம்போது எட்டுன்னு கவுண்ட்டவுன். பையனுக்கு ஒரே குஷி. தாத்தா தலையில அடிச்சுக்கிட்டாரு.

18வது நிமிஷம் செல்சியோட ஜோவோ பெட்ரோ பாக்ஸுக்கு வெளியேந்து வளைச்சு ஒண்ணு அடிச்சான் பாருங்க, மேல் மூலையில போயி உக்காந்துது. அடிச்சுட்டு கொண்டாடாம ரெண்டு கையையும் தூக்கி மன்னிப்பு கேக்கற மாதிரி நின்னான். அவன வளத்து விட்டதே ஃப்ளுமினென்ஸிதானாம், செல்சிக்கு வந்தே ஒரு வாரம்தான் ஆகுது. தாத்தா திட்டுவாருன்னு பாத்தா கை தட்டினாரு, அப்புறம் போர்ச்சுகீஸ்ல ஏதோ சொன்னாரு, பேத்தி மொழிபெயர்க்க மாட்டேன்னுட்டா. அரை மணி நேரம் தாண்டி ஃப்ளுமினென்ஸிக்கு ஒரு பெனால்டி குடுத்தாங்க, தாத்தா எழுந்து நின்னாரு. ரெஃபரி திரையில போயி பாத்துட்டு மைக்லயே இல்லன்னு அறிவிச்சாரு, தாத்தா உக்காந்தாரு. 56வது நிமிஷம் அதே ஜோவோ பெட்ரோ ரெண்டாவது கோல், 2-0, அவ்வளவுதான். ஆனா ஃப்ளுமினென்ஸி கூட்டம் கடைசி வரைக்கும் பாட்ட நிறுத்தல. அந்த வெயில்ல 40 வயசு தியாகோ சில்வா, 44 வயசு கோல்கீப்பர் ஃபாபியோ எல்லாம் ஆடினாங்க, செல்சியோட என்சோ ஃபெர்னாண்டஸே தலைசுத்திச்சுன்னு அப்புறம் சொன்னாரு. நான் உக்காந்த எடத்துலயே ரெண்டு தடவ நிழலுக்கு எழுந்து போயிட்டேன், வெக்கமா இல்ல.

முழு விலை குடுத்தவர சொன்னேனே, அவர் கீழ் அடுக்குல நல்ல நிழல்ல. ஒஹாயோல பொறந்து வளந்தவர், லண்டன் பக்கமே போனதில்ல, ஆனா வருஷக்கணக்கா சனிக்கிழம காலைல ஏழரைக்கு எழுந்து செல்சி மேட்ச் பாக்கற ஆளு. மேட்ச் முடிஞ்சு கண்ணு கலங்கி வந்தாரு. எவ்வளவுக்கு எடுத்தன்னு கேட்டாரு, நான் பேச்ச மாத்திட்டேன், பையன் சொல்லிட்டான்.

திரும்ப வர மெடோலாண்ட்ஸ் ரயிலுக்கு கியூ பாம்பு மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு போச்சு. நின்னுக்கிட்டே ஆப்ப திறந்து மறுநாள் பிஎஸ்ஜி, ரியல் மாட்ரிட் செமிக்கு பாத்தேன், பையன் தோள் வழியா எட்டிப் பாத்தான். அது இறங்கல. "இன்னும் கொஞ்சம் வெயிட் பண்ணலாம்ப்பா"ன்னான்.

மறுநாள் மூணு மணி வரைக்கும் வெயிட் பண்ணோம்.