முட்டை காத்திருக்காது

பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருவில், கஸ்டம்ஸ் கிளியரிங் செய்யும் ஓர் ஆபீஸில் இருபது வருஷத்துக்கு மேலாக வேலை பார்க்கிறேன். மோட்டார் உதிரி பாகம், பருப்பு, பிளாஸ்டிக் குருணை என்றுதான் நாள் ஓடும். உயிருள்ள சரக்கு என்றால் மட்டும் ஃபைல் நேராக என் மேசைக்கு வந்துவிடும், ஏனென்றால் தண்டையார்பேட்டையில் கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் படுத்து வளர்ந்தவன் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

கோழி கேட்டு வரும் போன்கள் நிறைய. வியட்நாமின் டோங் தாவ் கோழியை, கால் ஒவ்வொன்றும் மனிதர் மணிக்கட்டு கனத்துக்கு இருக்குமே, அதை செல்போனில் பார்த்துவிட்டு ஒரு ஜோடி எடுத்துத் தர முடியுமா என்பார்கள். இந்தோனேசியாவின் அயாம் செமானிக்கு இன்னும் கிராக்கி. கொண்டை, தோல், கறி, எலும்பு எல்லாம் கறுப்பு. (ரத்தம் சிவப்புதான், முட்டையும் வெளிர் நிறம்தான், இதைச் சொன்னதும் சிலருக்கு முகம் வாடிவிடும்.) கடக்நாத் பார்த்திருக்கீங்களா என்று நான் திருப்பிக் கேட்பேன். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கருங்கோழி, 2018இல் புவிசார் குறியீடு வாங்கியது. இரண்டையும் உள்ளுக்குள் கறுப்பாக்குவது ஒரே மரபணு மாற்றம்தான். அது தெரிந்ததும் பாதிப் பேர் ரயில் டிக்கெட் விசாரிக்கப் போய்விடுவார்கள், எனக்கும் அதில் சந்தோஷம்தான்.

மீதிப் பேரிடம் நடைமுறையைச் சொல்வேன். உயிருள்ள கோழியோ அடைமுட்டையோ, வாங்கிவிட்டு அனுமதி கேட்க முடியாது, அனுமதி கைக்கு வந்த பிறகுதான் வாங்க வேண்டும். 1898இல் போட்ட கால்நடை இறக்குமதிச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. மத்திய கால்நடைத் துறை, வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம், அப்புறம் அனுப்பும் நாட்டின் அரசு கால்நடை மருத்துவர் இந்த நோய் இல்லை, அந்த நோய் இல்லை என்று வரிக்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்ட சான்றிதழ். இங்கே வந்து இறங்கியதும் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் பரிசோதனை; சென்னைக்கு அது பள்ளிக்கரணையில் இருக்கிறது.

"தம்பி, இவ்வளவு எதுக்கு? ஆறு முட்டையை சாக்ஸில் சுத்திப் பெட்டியில் போட்டு எடுத்துட்டு வந்துடவா?" என்று கேட்டவர்களும் உண்டு. இதில் மட்டும் நான் யாருக்காகவும் இறங்கி வருவதில்லை. எனக்குப் பத்து வயசு இருக்கும்போது அம்மா இருபத்து மூன்று கோழி வளர்த்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சிறுவிடைப் பெட்டை ஒன்று இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் நின்றது, எச்சம் சுண்ணாம்புத் தண்ணி மாதிரி. மறுநாள் இன்னொன்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டு தலை வானத்தைப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கூண்டு காலி. வெள்ளைக் கழிச்சல். குஞ்சாக இருக்கும்போதே கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டிருந்தால் பிழைத்திருக்கும் என்று வேப்பேரி கால்நடை டாக்டர் ஒருவர் பிறகு சொன்னதை அம்மா இன்னும் மறக்கவில்லை. அதன் பிறகு அவர் கோழியே வளர்க்கவில்லை.

சான்றிதழில் நியூகாசில் நோய் என்று ஒரு வரி வரும், அது இதே வெள்ளைக் கழிச்சல்தான். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் இதைக் கண்டறிந்தார்கள். கிழக்கிலிருந்து கப்பலேறித்தான் அந்தத் துறைமுகத்துக்குப் போயிருக்கும் என்று ஒரு கருத்து உண்டு. ஹார்பருக்குப் பக்கத்திலேயே பிழைக்கிற எனக்கு அதைப் படித்த அன்றைக்கு சோறு இறங்கவில்லை. முட்டை ஓட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் எச்சம் போதும், ஒரு தெருவின் கோழிகள் போய்விடும்.

ஆனால் பேப்பருக்கு ஒரு கடிகாரம், முட்டைக்கு வேறு கடிகாரம். இதைப் புரியவைத்தது ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற மாதவரத்து அண்ணன் ஒருவர். அவருக்குப் பழைய வம்சத்துப் பிரம்மா கோழி வேண்டும். பாதம் வரை ரோமம், கன்றுக்குட்டி நடப்பது மாதிரி நிதானமான நடை. 1840களில் ஷாங்காயிலிருந்து அமெரிக்கா போன பெரிய கோழிகளோடு சிட்டகாங் கோழியும் கலந்து வந்த இனம், பேரே பிரம்மபுத்திராவின் சுருக்கம்தான். "நம்ம வங்கக் கடல் ரத்தம் அதுல ஓடுது தம்பி" என்பார். நெதர்லாந்தில் நல்ல வளர்ப்பாளர் ஒருவரைத் தேடிப் பிடித்து எழுத்து வேலை ஆரம்பித்தோம், 2016 நவம்பரில் ஐரோப்பாவில் எச்5என்8 பறவைக் காய்ச்சல் பரவியது, நெதர்லாந்தும் தப்பவில்லை. எல்லாம் நின்றது. அண்ணன் கோபப்படவில்லை. மூன்று வருஷம், பொங்கலுக்கு ஒரு தடவை, ஆயுத பூஜைக்கு ஒரு தடவை போன் செய்து "வழி திறந்துச்சா?" என்பார், அவ்வளவுதான்.

2019இல் திறந்தது. அறுபது முட்டை. இட்ட நாலு நாளில் விமானம் ஏறின. அடைமுட்டையை ஏழு நாளைக்குள் வைத்துவிடுவது நல்லது, அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் பொரிக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். மீனம்பாக்கம் கார்கோவில் இறங்கிய அன்று, அனுமதியில் இருந்த பண்ணை முகவரியும் சான்றிதழில் இருந்த முகவரியும் கதவு எண்ணில் மாறியிருந்தன. தட்டச்சு செய்தது அந்தப் பக்கத்து ஏஜெண்ட். ஆனால் முந்தின நாள் சாயங்காலமே எனக்கு ஸ்கேன் வந்துவிட்டது, ஒரு எண்ணை நான் படிக்காமல் விட்டேன். திருத்திய சான்றிதழ் வர நாலு நாள் ஆனது. அதிகாரி விடாதது சரி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். அந்த நாலு ராத்திரியும் எனக்குத் தூக்கம் இல்லை.

வீட்டுக் கோழிகளோடு சேர்க்கக் கூடாது என்பதால் செங்குன்றத்தில் ஒரு காலிக் கொட்டகையைக் கழுவி, அதிகாரிகள் வந்து பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு, அங்கே அண்ணன் இன்குபேட்டர் வைத்திருந்தார். பயணத்தில் குலுங்கிய முட்டையை உடனே அடை வைக்கக் கூடாது, உள்ளே இருக்கும் காற்றறை ஆடியிருக்கும். கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் முழுக்க அப்படியே நிறுத்திவைத்தோம். அப்புறம் 37.5 டிகிரி.

ஏழாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடித்தார் அண்ணன். முதல் நாலும் வெறும் மஞ்சள் வெளிச்சம், கூமுட்டை. ஐந்தாவதில் சிவப்பு நரம்புகள் சிலந்திக் கால் மாதிரி பரவியிருந்தன, நடுவில் ஒரு கரும்புள்ளி, அது அசைந்தது. அவர் ஒன்றும் பேசாமல் அந்த முட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தார். அறுபதில் முப்பத்தொன்றுக்குக் கோடு விழுந்தது, இருபத்தோராம் நாள் பதினான்கு குஞ்சுகள் வெளியே வந்தன. நாலு நாள் தாமதம் இல்லாவிட்டால் எத்தனை வந்திருக்கும் என்று நான் பல தடவை கணக்குப் போட்டிருக்கிறேன். அண்ணன் ஒரு முறைகூட அதைக் கேட்டதில்லை.

இப்போது சான்றிதழ் ஸ்கேன் வந்தால் ஸ்கேலை வைத்து வரி வரியாக, கதவு எண் பின்கோடு உட்பட, வாய்விட்டுப் படிக்கிறேன். பக்கத்து மேசைக்காரருக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது.

பத்து நாள் குஞ்சுகளின் போட்டோவை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாதத்து ரோமத்தைப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "கண்ணுல சொட்டு மருந்து விட்டாச்சாடா?" என்றார்.

"ஏழாம் நாளே விட்டாச்சும்மா."